அரியர் வைத்த பிறகும் எம்பிபிஎஸ்: ராமநாதபுரம் கரையோரப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பி.எஸ்சி. முதல் பருவத்தில் எனக்கு ஆறு தாளில் மூன்று அரியர். முடிவைப் பார்த்தது தங்கச்சிமடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில். பிரிண்ட் எடுத்த அண்ணன் தாளைக் கவிழ்த்துத்தான் கையில் கொடுத்தார். இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு தம்பியோ தங்கையோ, பெரும்பாலும் அவர்களுடைய அம்மாவோ, ஓரமாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "காலேஜ்ல சேர்ந்து சரியா படிக்கல. இனிமே டாக்டருக்குப் படிக்க முடியுமா?" தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே.

முடியும். நம் நாட்டில் எம்பிபிஎஸ் இடம் கொடுக்கும்போது உங்கள் பி.எஸ்சி. மதிப்பெண்ணை யாரும் எடை போடுவதில்லை. நீட் தரவரிசைதான் எல்லாம். அமெரிக்காவில் மருத்துவம் படிக்கப் பட்டப்படிப்பு மதிப்பெண் முக்கியம் என்பதால், இணையத்தில் கிடைக்கும் பாதி அறிவுரை அந்த ஊருக்கு எழுதியது. அதைப் படித்துவிட்டு இங்கே பயப்பட வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தமிழக அரசுக்குக் கொடுத்த அறிக்கையின்படி, 2016-17இல் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்கள் 12.47 சதவீதம். நீட் வந்த பிறகு, 2020-21இல் அது 71.42 சதவீதம். அந்தக் குழு இதை நீட்டின் குறையாகத்தான் எழுதியது. ஓர் ஆண்டை வீட்டில் உட்கார்ந்து கழிக்க வசதி உள்ளவனுக்கே இடம் என்றாகிவிட்டது, அது நியாயமில்லை என்று நானும் நினைக்கிறேன். ஆனால் "எல்லாரும் முதல் தடவையே வாங்கிட்டாங்க, நான்தான் பிந்திட்டேன்" என்ற எண்ணம் கணக்குப்படி தவறு என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

சரி, வேலையைப் பார்ப்போம்.

முதல் படி: தாளில் தகுதி இருக்கிறதா?

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை எடுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 300க்கு எவ்வளவு என்று கூட்டுங்கள். பொதுப்பிரிவு என்றால் 150 வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 120 போதும். ப்யூர் சயின்ஸ் குரூப்பில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்தவர்கள் இரண்டின் சராசரியை உயிரியலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும்.

சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருந்தால் போதும். மேல் வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை.

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து உயிரியல் படிக்காதவர்கள் முன்பெல்லாம் இங்கேயே நின்றுவிட வேண்டியிருந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில், பிளஸ் டூவுக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று அறிவித்தது. ஆனால் அதற்கே ஓர் ஆண்டு போகும். உயிரியலின் அடித்தளம் இல்லாமல் நீட்டில் பாதி மதிப்பெண்ணுக்கு எங்கே போவது என்பதையும் சேர்த்து யோசித்துவிட்டு இறங்குங்கள்.

இரண்டாம் படி: ஏன் சறுக்கியது என்று எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். அரியரை நீட் பார்க்காது, உண்மைதான். அரியர் வைக்க வைத்த காரணம் கூடவே வரும். அது நீட்டிலும் காலை வாரும், எம்பிபிஎஸ் முதலாண்டிலும் வாரும்.

ஒரு நோட்டில் அந்த ஆறு மாதத்தில் நடந்ததை எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. என் பட்டியல் இது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவளுக்கு வகுப்பில் ஆங்கிலம் ஓடியது. முதல் மாதம் புரியவில்லை, இரண்டாம் மாதம் புரியாததைக் கேட்க வெட்கம், மூன்றாம் மாதம் கடைசி பெஞ்ச். தினமும் பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரத்துக்குப் போகவர மூன்று மணி நேரம் பஸ். வீட்டுக்கு வந்ததும் தூக்கம். இவை இரண்டும் உண்மையான காரணங்கள். மூன்றாவது காரணத்தை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது: நீட்டில் வராத கோபத்தில், வந்த படிப்பை மதிக்கவே இல்லை.

உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம். விசைப்படகு போகும் நாட்களில் அப்பாவோடு கடலுக்குப் போகிறீர்களா? அம்மா பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகும்போது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது நீங்களா? கீழக்கரைப் பக்கம் அப்பா வெளிநாட்டில் இருக்க, கடை, பேங்க், ஆஸ்பத்திரி எல்லாம் மூத்த பிள்ளை தலையில் விழுகிறதா? அல்லது வெறும் போன்தானா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆங்கிலம்தான் தடை என்றால் ஆறு மாதத்தில் சரியாகும். நேரமே இல்லை என்பது தடை என்றால், வீட்டில் உட்கார்ந்து பேசாமல் ஒரு புத்தகமும் வாங்க வேண்டாம்.

மூன்றாம் படி: ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை

எதுவும் படிக்காமல், பழைய நீட் வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரத்தில் எழுதிப் பாருங்கள். 180 கேள்வி, 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். எனக்கு அன்று வந்தது 171. அதில் உயிரியல் மட்டும் 130.

மொத்தத்தைவிட அந்தப் பிரிப்புதான் முக்கியம். உயிரியல் ஓரளவு நின்று இயற்பியல் விழுந்திருந்தால் நம்பிக்கையோடு இறங்கலாம், அது நம் பக்கத்துப் பிள்ளைகளின் வழக்கமான நிலை. மூன்றும் ஒரே மாதிரி அடியில் கிடந்தால் ஓர் ஆண்டு போதாது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

நான்காம் படி: கல்லூரியில் இருப்பதா, விலகுவதா?

கலாமை இழுக்காமல் எங்கள் தீவில் யாரும் எதையும் எழுதுவதில்லை, எனவே நானும் இழுக்கிறேன். அவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டத்தை முடித்துவிட்டுத்தான், இது தன் வழியில்லை என்று சென்னை எம்.ஐ.டி.க்குப் போனார். அந்தக் கட்டணத்துக்கு அவருடைய அக்கா நகையை அடகு வைத்தார். பாதை மாறுவது இந்த ஊருக்குப் புதிதில்லை, யாராவது ஒருவர் நகை அடகுக்குப் போவதும் புதிதில்லை.

என் கருத்து இது. நீங்கள் முதலாம் ஆண்டில் இருந்து, படிப்பும் பிடிக்காமல், வீட்டில் ஓர் ஆண்டு தாங்கக்கூடிய நிலையும் இருந்தால், ஆண்டு முடிவில் விலகி முழுநேரம் தயாராவது சரி. நான் செய்தது அதுதான். இரண்டாம் ஆண்டின் பாதியைத் தாண்டிவிட்டால் விலகாதீர்கள். அரியரை முடித்துப் பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு ஓர் ஆண்டு எடுங்கள். வயது வரம்பு இல்லாதபோது அந்த ஒன்றரை ஆண்டு பெரிய இழப்பில்லை. நீட் கைவிட்டால் வேலைக்கோ பி.எட்.டுக்கோ போக அந்தப் பட்டம்தான் உதவும்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏப்ரல் பருவத் தேர்வும் நீட்டும் அடுத்தடுத்து வந்து நிற்கும். அரியர்களை நவம்பரிலேயே முடித்துவிடுங்கள். ஏப்ரலுக்குத் தள்ளினால் இரண்டும் போகும்.

ஐந்தாம் படி: டி.சி.

சின்ன விஷயம்போலத் தெரியும். எனக்குத் தூக்கம் போனது இதில்தான்.

கல்லூரியை விட்டு நின்றேன், எழுதிக் கொடுக்கவில்லை. கலந்தாய்வு வந்ததும் அசல் சான்றிதழ்களைக் கேட்டுப் போனபோது, "மீதி ரெண்டு வருஷ பீஸ் கட்டிட்டு வாங்கிக்கோம்மா" என்றார்கள். அப்பா மூன்று முறை அலைந்தார். கடைசியில் வேலை செய்தது ஒரு தாள்: 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அறிவிக்கை. மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அதை அச்செடுத்து, விண்ணப்பத்தோடு இணைத்து, ஒப்புகை முத்திரை கேட்டதும் பேச்சின் தொனியே மாறியது.

ஆகவே விலகுவதாக இருந்தால் அன்றே எழுத்தில் கொடுங்கள். டி.சி., பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களின் அசல் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

ஆறாம் படி: தடைக்காலம் முதல் தடைக்காலம் வரை

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நீட் வழக்கமாக மே மாதத்தின் முதல் ஞாயிறு: 2024இல் மே 5, 2025இல் மே 4. அதாவது விசைப்படகை நம்பியிருக்கும் வீட்டில் வருமானம் நின்ற மூன்றாவது வாரம் உங்கள் தேர்வு. சென்னையில் அச்சாகும் எந்தத் தயாரிப்பு அட்டவணையிலும் இது இருக்காது. தேர்வுப் பயணம், கலந்தாய்வுக் கட்டணம், சான்றிதழ் அலைச்சல் ஆகியவற்றுக்கான பணத்தை மார்ச் மாதத்துக்குள் ஒதுக்கி வைத்துவிடுங்கள். தடைக்கால நிவாரணத்தை இதற்கு நம்ப வேண்டாம், அது அரிசிக்கே சரியாகப் போகும்.

ஜூன் நடுவில் படகுகள் கடலில் இறங்கும்போது நீங்களும் தொடங்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுதும். இதில்தான் பெரும்பாலோர் பலவீனம், கடனே என்று கடந்து வந்த வகுப்பு அது. அக்டோபர் முதல் ஜனவரி வரை பன்னிரண்டாம் வகுப்பு. வடகிழக்குப் பருவமழையில் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிற நாட்களில் கரண்ட் இருக்காது, நெட்வொர்க்கும் இருக்காது. வீடியோவையே நம்பிப் படிக்கிறவர்கள் அந்த வாரங்களில் வெறுமனே உட்கார்ந்திருப்பார்கள். நவம்பருக்கான பாடங்களைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சார்ஜ் லைட்டும் வேண்டும். பிப்ரவரியிலிருந்து வாரம் இரண்டு முழு மாதிரித் தேர்வு, மிச்ச நாட்களில் அதில் விட்டதைத் தேடிப் படிப்பது. புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம்.

ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். நான் எட்டுக்கு மேல் போனதில்லை. காலை நாலரை முதல் எட்டு வரை படித்ததுதான் உண்மையான படிப்பு. பதினொரு மணிக்கு மேல் தகரக் கூரையின் கீழ் இயற்பியல் ஏறாது. அந்த நேரத்துக்குப் படம் வரைவது, பெயர்களை மனப்பாடம் செய்வது மாதிரியான வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பாடங்கள்

உயிரியலுக்கு 360 மதிப்பெண். மத்தியப் பாடத்திட்டப் புத்தகமான என்சிஇஆர்டி பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து 32 அத்தியாயம். வரி வரியாக, படத்தின் கீழே இருக்கும் குறிப்பு உட்பட. நம் மாநிலப் புத்தகங்கள் ஆழமானவை, அவற்றை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் கேள்வி என்சிஇஆர்டி வரியிலிருந்து வரும்.

விலங்குலகம் அத்தியாயத்தில் மட்டும் நமக்கு ஒரு சலுகை உண்டு. டெல்லிப் பிள்ளை படத்தில் பார்ப்பதை நாம் ஏலக்கூடத்தில் பார்த்து வளர்ந்தோம். கணவாய் என்பது செபியா, மெல்லுடலி. திருக்கை என்பது டிரைகான், குருத்தெலும்பு மீன். சுறாவுக்கும் திருக்கைக்கும் செவுள் மூடி கிடையாது, பாறை மீனுக்கு உண்டு. கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இது மறக்காது. கடல் அட்டையும் நட்சத்திர மீனும் முட்தோலிகள். முத்துச்சிப்பி பிங்க்டாடா. அரைநாணிகளுக்குப் புத்தகம் சொல்லும் உதாரணம் பாலனோகிளாசஸ். அந்தப் புழு வகைக்கு இந்தியாவில் பேர்போன இடமே பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவுதான். ஊர்ப் பெயரையும் அறிவியல் பெயரையும் தொகுதியையும் ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இந்த ஓர் அத்தியாயத்தில் வந்த தைரியம்தான் என்னை அடுத்ததற்குத் தள்ளியது. தாவர உடற்செயலியல் அப்படி இனிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேதியியலில் கனிம வேதியியல் மனப்பாடம், கரிம வேதியியல் எழுதி எழுதிப் பழக வேண்டியது, இயற்பிய வேதியியல் கணக்கு. மூன்றையும் ஒரே நாளில் கலக்காதீர்கள்.

இயற்பியலில்தான் பயம். அதைக் குறைக்க எனக்கு உதவியது ஒன்றே: தினம் பதினைந்து கணக்கு, விடைக் குறிப்பைப் பார்க்காமல். வராத கணக்கைத் தேதி போட்டுத் தனி நோட்டில் எழுதி, பத்து நாள் கழித்து மறுபடி. அந்த நோட்டில் முதல் மாதம் 200க்கு மேல் இருந்தது. முழு இயற்பியலையும் பிடிக்க வேண்டும் என்று நினைத்தால் எதுவும் பிடிபடாது. 45இல் இருபதைச் சரியாகப் போடுவேன் என்று தொடங்குங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உயிரியலில் 80 சரி, 10 தவறு: 310. வேதியியலில் 30 சரி, 7 தவறு, 8 விட்டது: 113. இயற்பியலில் 20 சரி, 8 தவறு, 17 விட்டது: 72. மொத்தம் 495. இயற்பியலில் பாதியைக்கூடச் சரியாகப் போடாமல் வந்த எண் இது.

குருட்டாம்போக்கில் குறிப்பது பற்றி: நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாகக் கால் மதிப்பெண்தான் வரும், உழைப்புக்கு ஈடில்லை. இரண்டு விடைகளை நிச்சயமாக நீக்க முடிந்தால் சராசரி ஒன்றரை. அப்போது மட்டும் குறியுங்கள்.

மொழி. விண்ணப்பத்தில் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் அச்சான வினாத்தாள் வரும். மொழிபெயர்ப்பில் குழப்பம் என்றால் ஆங்கிலமே இறுதி. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எனவே தமிழில் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் கலைச்சொல் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்திலும் தெரிந்து வையுங்கள். கேள்வி இடறினால் பக்கத்து வரியைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

எட்டாம் படி: பயிற்சி மையம் தேவையா?

சீட்டு எடுத்த பணத்தில் வெளியூரில் ஒரு மையத்தில் சேர்ந்தேன். 120 பேர் உட்காரும் அறையில், நன்றாகப் படிக்கும் முதல் இரண்டு வரிசைக்குத்தான் பாடம் நடந்தது. மூன்றாம் மாதம் திரும்பி வந்துவிட்டேன், பணம் வரவில்லை. அதனால் எனக்கு ஒருதலைப்பட்சம் உண்டு, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடம் எங்கேயும் கிடைக்கிறது. கிடைக்காதது நல்ல மாதிரித் தேர்வும், தவறைச் சுட்டிக்காட்டும் ஓர் ஆளும். தேர்வுத் தொடரை மட்டும் தனியாக வாங்கலாம், செலவு குறைவு. ஆளுக்கு, உங்கள் பழைய பள்ளியின் இயற்பியல் ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். எங்கள் சார் வாரம் ஒரு மணி நேரம் கொடுத்தார், சம்பளம் வாங்கவில்லை. கருவாட்டை மட்டும் மறுக்கவில்லை.

ஒன்பதாம் படி: விண்ணப்பம்

ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இன்ஷியல் முன்னால், பின்னால், அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். திருத்த வாரக்கணக்கில் ஆகும்.

சாதிச் சான்றிதழ் இரண்டு வகை. மாநில ஒதுக்கீட்டுக்கு வழக்கமான சாதிச் சான்றிதழ். அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) இடத்துக்குத் தனி ஓபிசி சான்றிதழ், கிரீமிலேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், வரவில்லை என்ற குறிப்போடு. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழக ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, பட்டியல் இனத்தவர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 சதவீதம். மரைக்காயர், ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் அந்த 3.5இல் வருவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் 7.5 சதவீதம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான இந்த உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. இடையில் நீங்கள் பி.எஸ்சி. சேர்ந்ததால் அது போய்விடாது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆறிலிருந்து படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இரண்டு மூன்று பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும்.

பத்தாம் படி: தேர்வு நாள்

முந்தின நாளே மையம் இருக்கும் ஊருக்குப் போய்விடுங்கள். 2025இல் தேர்வு மதியம் 2 முதல் 5 வரை, கேட் 1.30க்கு மூடியது. மே மாத வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போய் உயிரியலைத் தொடங்கக் கூடாது. அரைக்கை சட்டை, சாதாரணச் செருப்பு. உயிரியலை 50 நிமிடத்துக்குள் முடித்து, ஓஎம்ஆர் தாளில் உடனுக்குடன் நிரப்புங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்பி வரிசை மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பதினோராம் படி: கலந்தாய்வு

ஊரில் "நீட் பாஸ்" என்று ஒரு பேச்சு உண்டு. 2025இல் பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண் 144. அதை வாங்கினால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். அரசு இடம் அதற்கு வெகு மேலே. மதிப்பெண்ணும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்: அதே 2025இல் இயற்பியல் கடினமாகி, நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686தான், முந்தைய ஆண்டு 720க்கு 720 வாங்கியவர்களே பலர். எனவே "போன வருஷம் இத்தனைக்குக் கிடைச்சுது" என்பதை நம்பாமல், தரவரிசையையும் உங்கள் பிரிவின் வரிசையையும் பாருங்கள்.

அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, மீதி 85 மாநிலத்துக்கு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். மாநிலத்துக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது. விருப்பப் பட்டியலில் கஞ்சத்தனம் வேண்டாம். 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்றாக ராமநாதபுரத்திலேயே 100 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிவகங்கை, மதுரை, தூத்துக்குடி பக்கத்தில். ஆனால் வீட்டுக்கு அருகில் மட்டும் போட்டுவிட்டு நீலகிரியையோ கிருஷ்ணகிரியையோ விட்டுவிடாதீர்கள். எல்லா அரசுக் கல்லூரிகளையும் போட்ட பிறகுதான் தனியாரை யோசிக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு ஒன்று. முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். நான்கு முயற்சிக்குள் முதலாண்டைத் தேற வேண்டும், மொத்தப் படிப்பையும் ஒன்பது ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். இரண்டாம் படியில் எழுதிய அந்த நோட்டை விடுதிக்கு எடுத்துப் போங்கள். முதல் மாதத்தில் புரியாததைக் கேட்க வெட்கப்படும் பழைய ஆள் மறுபடி வருவார். நான் இந்த முறை மூன்றாம் வாரமே போய்க் கேட்டேன்.

பன்னிரண்டாம் படி: வேறு கதவுகள்

சித்த மருத்துவம், ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கும் நீட் வேண்டும், ஆனால் குறைந்த தரவரிசையில் கிடைக்கும். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். போன்றவை தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணில் நிரப்பப்படுகின்றன. பிளஸ் டூ நன்றாக இருந்து நீட் மட்டும் வராதவர்களுக்கு இது பொருந்தும்.

வெளிநாட்டு எம்பிபிஎஸ் என்று ஏஜெண்டுகள் வீடு தேடி வருவார்கள். 2021 விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வில் 300க்கு 150, பிறகு இங்கேயும் 12 மாதப் பயிற்சி. போவதற்கும் நீட் தகுதி வேண்டும். இந்த ஆறையும் ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். பலர் இரண்டாவதிலேயே பேச்சை மாற்றுவார்கள்.

எத்தனை முறை?

வரம்பு இல்லை என்று அரசு சொல்வதால், வரம்பை நாமே போட வேண்டியிருக்கிறது. முழுநேரமாக இரண்டு முறை என்பது என் கணக்கு. மூன்றாவது, இரண்டாம் முறையில் ஓர் அறுபது எழுபது மதிப்பெண்ணாவது ஏறியிருந்தால் மட்டும். ஏறாமல் அதே இடத்தில் நிற்பவர், தேர்வு எழுதும் விதத்தை மாற்றாமல் இன்னொரு ஆண்டைக் கொடுக்கக் கூடாது. இந்த எண்ணைத் தொடங்கும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். முடிவு வந்த பிறகு பேசினால் அது சண்டையாகும்.

நான் சொன்னது ஒரு தடைக்காலத்தில். படகைக் கரையேற்றியிருந்தார்கள், அப்பா வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கல்லூரியை விடப் போகிறேன் என்றதும் நிமிரவில்லை. "ஏம்மா, இன்னும் எத்தனை தடைக்காலம்?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டுப்பா."

"சரி, அந்த நூலை எடு."